மூளையின் அட்ரினலின் ஏற்பிகளும் மனச்சோர்வு நீக்கி மருந்துகளின் காலத்தாழ்வும்: தேங்காய்த்திட்டுக் கடற்றொழிலாளர் வாழ்வை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வு நீக்கி மருந்துகள் உட்கொண்ட சில மணி நேரத்திலேயே மூளையின் நரம்பிணைப்புகளில் வேதி மாற்றத்தை உண்டாக்குகின்றன. ஆயினும் நோயாளியின் மனநிலை தெளிவுறச் சில வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் பலர் மருந்தைக் கைவிடுகின்றனர். இக்காலத்தாழ்வுக்குரிய காரணங்களுள் முதன்மையான ஒன்று, ஆல்ஃபா-2 வகை அட்ரினலின் ஏற்பிகள் ஆற்றும் தடைச்செயல் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சர்ப்பகந்தா வேர் பற்றிய இந்திய ஆய்வுகளில் தொடங்கி, 2010ஆம் ஆண்டு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்குழு வெளியிட்ட முடிவுகள் வரை இக்கருத்து வளர்ந்த வழி தொகுத்துரைக்கப்படுகிறது. இவ்வறிவு புதுச்சேரி தேங்காய்த்திட்டு போன்ற கடற்றொழில் பகுதிகளில் சிகிச்சை பெறுவோருக்கு எவ்வகையில் பயன்படும் என்பதும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, நார்-அட்ரினலின், ஆல்ஃபா-2 ஏற்பி, தன்னேற்பி, இமிபிரமின், யோஹிம்பின், ஹிப்போகேம்பஸ், தேங்காய்த்திட்டு

1. முன்னுரை

புதுச்சேரி நகரின் தென்புறத்தில், அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்த பகுதி தேங்காய்த்திட்டு. புதுச்சேரியின் மீன்பிடித் துறைமுகம் இங்குதான் உள்ளது. இத்துறைமுகத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் கண்டிருப்பதாகக் கொள்வோம். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, தன்னையே பயனற்றவராக எண்ணுதல் ஆகியன பல வாரங்களாக நீடிக்கின்றன. வீட்டார் வற்புறுத்தலால் அவர் மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். பத்து நாள் உட்கொண்டும் மனத்தில் மாற்றம் தெரியவில்லை. வாய் உலர்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ‘மருந்து கேட்கவில்லை’ என்று கூறி அவர் அதனை நிறுத்திவிடுகிறார்.

மருந்து கேட்கவில்லை என்ற அவரது முடிவு சரியானதா என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்வினா சிறியதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 10.6 ஆக இருந்த தற்கொலை விகிதம் புதுச்சேரியில் 43.2 ஆக இருந்தது. மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் அனைத்திலும் அதுவே மிக உயர்ந்த அளவாகும். தற்கொலைக்குக் காரணங்கள் பல. மனச்சோர்வு அவற்றுள் ஒன்று, ஆனால் சிகிச்சைக்கு இணங்கும் ஒன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாவதாகவும், அவர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உரிய சிகிச்சை பெறுவதில்லை எனவும் கண்டது. இத்தகைய சூழலில், மருத்துவரை நாடி வந்த சிலரும் பத்தாம் நாளில் மருந்தைக் கைவிடுவது பேரிழப்பாகும்.

மக்கள் வழக்கில் இந்நோய் ‘மன அழுத்தம்’ எனவும் சுட்டப்படுகிறது. அன்றாட நெருக்கடியால் விளையும் அழுத்தத்தினின்று வேறுபடுத்துதற்பொருட்டு இக்கட்டுரையில் ‘மனச்சோர்வு’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

2. நார்-அட்ரினலினும் அதன் ஏற்பிகளும்

அட்ரினலின் என்றவுடன் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பியும், அச்சத்தில் படபடக்கும் நெஞ்சும் நினைவுக்கு வரும். மூளையில் அப்பணியைப் பெரிதும் ஆற்றுவது அதன் நெருங்கிய உறவுப் பொருளான நார்-அட்ரினலின். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் எனப்படும் சிறு செல்தொகுதி உள்ளது. ‘நீல இடம்’ என்பது அப்பெயரின் பொருள். மனிதரில் சில பத்தாயிரம் செல்களே கொண்ட இத்தொகுதி, தன் நரம்பிழைகளை மூளையின் பெரும்பகுதிக்கும் அனுப்புகிறது. விழிப்பு, கவனம், எச்சரிக்கை உணர்வு, ஊக்கம் ஆகியவற்றை இது நெறிப்படுத்துகிறது. மனச்சோர்வில் குன்றுவனவும் பெரும்பாலும் இவையே.

ஒரு நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் நார்-அட்ரினலின், நரம்பிணைப்பின் நுண்ணிய இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. பூட்டில் சாவி பொருந்துவது போன்ற செயல் இது. ஆனால் ஒரே சாவிக்குப் பல வகைப் பூட்டுகள் உள்ளன. 1948இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் இவ்வேற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என இரண்டாகப் பகுத்தார். இன்று ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா என்னும் மூன்று குடும்பங்களும், குடும்பத்துக்கு மூன்றாக ஒன்பது உட்பிரிவுகளும் அறியப்பட்டுள்ளன.

இவற்றின் பணிகளைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். ஆல்ஃபா-1 ஏற்பிகள் பெரும்பாலும் செல்லைத் தூண்டுவன. குருதிக் குழாய்களில் இவை இயங்கும்போது குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் நிலைபெறுகிறது. பீட்டா ஏற்பிகள் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் நிலைச் செய்திப்பொருளைப் பெருக்குவன. ஆல்ஃபா-2 ஏற்பிகள் இதற்கு மாறாக, அச்செய்திப்பொருளைக் குறைத்துச் செல்லின் செயலை அடக்குவன. மருந்தின் காலத்தாழ்வைப் புரிந்துகொள்ள ஆல்ஃபா-2 ஏற்பியின் அடக்கும் இயல்பே திறவுகோலாகும்.

3. சர்ப்பகந்தா முதல் இமிபிரமின் வரை

மனநிலைக்கும் நார்-அட்ரினலினுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் உருவானதில் இந்தியச் செடியொன்றுக்குப் பங்குண்டு. சர்ப்பகந்தாவின் வேர் நெடுங்காலமாக நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் சித்தப்பிரமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதாக எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் இரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இதயநோய் இதழில் வெளியிட்டார். அதன்பின் இச்செடி உலகின் கவனத்தைப் பெற்றது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன அறிவியலாளர் இவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்பின், நரம்பு முனைகளில் நார்-அட்ரினலின் முதலிய பொருள்கள் சேமிக்கப்படுவதைத் தடுத்து அவற்றை வறளச் செய்கிறது. இம்மருந்தை உட்கொண்டோருள் சிலர் மனச்சோர்வுற்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அச்செய்திகளின் வலிமை பின்னாளில் ஐயத்துக்குள்ளாயினும், அக்காலத்தில் அவை ஆழமான தாக்கத்தை ஏற்படுத்தின.

அதே பத்தாண்டில் எதிர்த்திசையிலிருந்தும் சான்றுகள் வந்தன. காசநோய்க்காகத் தரப்பட்ட இப்ரோனியாசிட் நோயாளிகளின் மனத்தை எழுச்சியுறச் செய்தது. நார்-அட்ரினலினைச் சிதைக்கும் நொதியை அது தடுத்தது பின்னர்த் தெளிவாயிற்று. 1957இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ரோலண்ட் கூன், இமிபிரமின் மனச்சோர்வை நீக்குவதாக அறிவித்தார். வெளிப்பட்ட நார்-அட்ரினலினை நரம்பு முனையே மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது என்பதையும், இமிபிரமின் இம்மறுஉறிஞ்சலைத் தடுக்கிறது என்பதையும் 1961இல் ஜூலியஸ் ஆக்சல்ராட் குழுவினர் காட்டினர். நரம்புக்கடத்திகள் பற்றிய பணிக்காக ஆக்சல்ராட் 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இச்சான்றுகளைத் தொகுத்து 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் ஒரு கருதுகோளை முன்வைத்தார். சில வகை மனச்சோர்வாவது மூளையில் நார்-அட்ரினலின் குறைபாட்டால் நேர்வதாகலாம் என்பது அதன் சாரம். எளிமையும் ஆய்வுக்கு வழிகாட்டும் திறனும் அதற்கு இருந்தன. எனினும் நாள் கணக்கை மட்டும் அதனால் விளக்க இயலவில்லை.

4. காலத்தாழ்வு எனும் புதிர்

மறுஉறிஞ்சல் தடைபடச் சில மணி நேரம் போதும். குறைபாடே நோய் எனில், குறை நிரம்பிய அன்றே நோயாளி தேறியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. சிறிதளவு முன்னேற்றம் முதலிரு வாரங்களிலேயே தொடங்குவதாக அண்மைக்காலத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் முழுமையான பயனை மதிப்பிட நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவை என்பதே மருத்துவர்களின் பொது அனுபவம். எனவே மருந்தின் உண்மையான பணி, நரம்புக்கடத்தியைப் பெருக்குவதோடு முடியாமல், அப்பெருக்கத்துக்கு மூளை மெல்ல மெல்லத் தகவமைவதில் இருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதினர்.

இத்தகவமைவை முதலில் பீட்டா ஏற்பிகளில் தேடினர். 1975இல் யெர்சி வெடுலானி, ஃபிரிடோலின் சுல்சர் ஆகிய இருவரும், எலிகளுக்குப் பல வாரங்கள் மருந்து தந்தபின் மூளையின் ஒரு பகுதியில் நார்-அட்ரினலினுக்கு எழும் சுழல் ஏ.எம்.பி. விளைவு குறைவதைக் கண்டனர். ஓரிரு நாள் மருந்தில் இம்மாற்றம் இல்லை. மின்னதிர்வுச் சிகிச்சையிலும் இதே மாற்றம் தோன்றியது. பீட்டா ஏற்பிகள் உணர்திறன் இழப்பதே குணமடைதலின் அடையாளம் என்ற கருத்து சில ஆண்டுகள் மேலோங்கி நின்றது.

ஆனால் பயன்தரும் மருந்துகள் அனைத்திலும் இம்மாற்றம் சீராகத் தென்படவில்லை. செரட்டோனினைச் சார்ந்து செயல்படும் புதிய மருந்துகளில் அது பெரும்பாலும் காணப்படவில்லை. நார்-அட்ரினலின் மிகும்போது அதனைப் பெறும் ஏற்பிகள் குறைவது உடலின் இயல்பான ஈடுகட்டல் எனவும் கருத இடமிருந்தது. பீட்டா ஏற்பியின் மாற்றம் மருந்தின் சுவடாக இருக்கலாம். அதுவே குணத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை.

5. ஆல்ஃபா-2 ஏற்பி: தொட்டியின் மிதவை

ஆல்ஃபா-2 ஏற்பிகளின் சிறப்பு அவை அமைந்துள்ள இடத்தில் உள்ளது. அடுத்த செல்லில் மட்டுமன்றி, நார்-அட்ரினலினை வெளியிடும் நரம்பு முனையிலேயே அவை உள்ளன. லோகஸ் செருலியஸ் செல்களின் உடற்பகுதியிலும் உள்ளன. தான் வெளியிட்ட பொருளின் அளவைத் தானே அறிந்து வெளியீட்டைக் குறைத்துக்கொள்ள இவை உதவுகின்றன. தன் பொருளைத் தானே ஏற்பதால் இவ்விடத்தில் அமைந்தவற்றைத் தன்னேற்பிகள் எனலாம்.

வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பார்த்தால் இச்செயல் விளங்கும். தொட்டியில் நீர் உயரும்போது மிதவை மேலெழுந்து நீர்வரத்துக் குழாயை மூடுகிறது. நரம்பிணைப்பு தொட்டி, நார்-அட்ரினலின் நீர், மறுஉறிஞ்சல் தொட்டியின் வடிகுழாய், ஆல்ஃபா-2 தன்னேற்பி மிதவை. இமிபிரமின் வடிகுழாயை அடைக்கிறது. நீர் உயர்கிறது, உடனே மிதவையும் எழுந்து வரத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்து ஒருபுறம் கூட்ட முயல்வதை மூளை மறுபுறம் குறைத்துவிடுவதால் முதல் நாள்களில் பயன் மட்டுப்படுகிறது. நாள்தோறும் உயர்ந்த நீரில் மிதந்து மிதந்து அம்மிதவை தளர்ந்து போனால்தான் வரத்து மீண்டும் பழைய அளவுக்குத் திரும்பும்.

மிதவை தளர்வதற்குச் சான்றும் கிடைத்தது. நெடுநாள் மருந்து பெற்ற எலிகளில் இத்தன்னேற்பிகளின் உணர்திறன் குறைவதை 1978இல் க்ரூஸ், ஸ்மித் ஆகியோர் காட்டினர். அவ்வாறாயின், மிதவை தானே தளரும்வரை காத்திராமல் அதனை வேறொரு மருந்தால் பிடித்து வைத்தால் என்ன? 1981இல் க்ரூஸ், பால், குட்வின் ஆகியோர் ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுக்கும் ஃபீனாக்சிபென்சமினை மனச்சோர்வு நீக்கியுடன் சேர்த்துத் தந்தபோது, பீட்டா ஏற்பிகளின் மாற்றம் வழக்கத்தினும் விரைவாக நிகழ்ந்தது.

ஆல்ஃபா-2 ஏற்பிகள் செரட்டோனின் நரம்பு முனைகளிலும் உள்ளன. பிற நரம்புக்கடத்தியை வெளியிடும் செல்லில் அமைந்த இவற்றை அயலேற்பிகள் எனலாம். இங்கு நார்-அட்ரினலின் பொருந்தினால் செரட்டோனின் வெளியீடு குறைகிறது. இன்று பெரும்பாலோர் பெறும் மருந்துகள் செரட்டோனின் மறுஉறிஞ்சலைத் தடுப்பன என்றாலும், அவற்றின் பயனிலும் அட்ரினலின் ஏற்பிகளுக்குப் பங்கிருப்பதை இது உணர்த்துகிறது. நார்-அட்ரினலினை உருவாக்க இயலாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள், இமிபிரமின் போன்ற பழைய மருந்துகளுக்கு மட்டுமன்றி ஃபுளுவாக்செட்டின் முதலிய செரட்டோனின் சார் மருந்துகள் சிலவற்றுக்கும் வழக்கமான எதிர்வினையைக் காட்டவில்லை என 2004இல் வெளிவந்த ஆய்வு இதற்கு வலுவூட்டுகிறது.

6. மும்பை ஆய்வு: காத்திருப்பைக் குறைக்க இயலுமா?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமன் குழுவினர், மனச்சோர்வு நீக்கிகளை நெடுநாள் பெற்ற எலிகளின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்புச் செல்கள் மிகுதியாகத் தோன்றுவதைக் கண்டனர். கடற்குதிரையை ஒத்த வடிவால் பெயர்பெற்ற இப்பகுதி நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரியது. முன்னோடிச் செல் ஒன்று பிரிந்து, முதிர்ந்து, பிற செல்களோடு இணையச் சில வாரங்கள் ஆகும். மருந்து பயன்தரும் காலமும் ஏறத்தாழ அதுவே. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கதிர்வீச்சால் சுண்டெலிகளின் புதுச்செல் தோற்றத்தைத் தடுத்தபோது மருந்தின் நடத்தைசார் பயன் சிலவும் மறைந்தன.

டூமனிடம் முனைவர் பட்டப் பயிற்சி பெற்ற விதிதா வைத்யா, மும்பை கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். பின்னாளில் 2015இல் பட்நாகர் விருதும், 2022இல் இன்ஃபோசிஸ் பரிசும் பெற்றார். மூளையில் நார்-அட்ரினலினை வறளச் செய்தால் எலியின் ஹிப்போகேம்பஸில் முன்னோடிச் செல்கள் பெருகுவது குறைகிறது என 2002இல் அவர் குழு காட்டியது. அடுத்து எழுந்த வினா: இவ்விளைவு எந்த ஏற்பியின் வழியாக நிகழ்கிறது?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆய்வாளர்களோடு இணைந்து இக்குழு 2010இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மூன்று படிகளில் விடை தருகிறது.

முதற்படி: ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டும் குளோனிடின், குவனபென்ஸ் ஆகிய மருந்துகளைத் தந்தபோது முன்னோடிச் செல்கள் பெருகுவது குறைந்தது. தோன்றிவிட்ட செல்கள் பிழைத்திருப்பதிலோ, நரம்புச் செல்லாக உருமாறுவதிலோ மாற்றமில்லை. ஆல்ஃபா-2 ஏற்பி இங்குப் பெருக்கத்துக்கு மட்டும் தடை.

இரண்டாம் படி: இத்தடை, நார்-அட்ரினலின் வெளியீடு குறைவதால் நேர்கிறதா, முன்னோடிச் செல்லின்மீதே நேரடியாக நேர்கிறதா? நார்-அட்ரினலினே இல்லாத மரபணு மாற்றச் சுண்டெலிகளிலும் அத்தூண்டிகள் பெருக்கத்தைக் குறைத்தன. வெளியிடுவதற்கு ஏதும் இல்லாத நிலையில் தன்னேற்பி குறைப்பதற்கும் ஏதுமில்லை. ஆகவே, முன்னோடிச் செல்களே ஆல்ஃபா-2 ஏற்பிகளைக் கொண்டிருக்க வேண்டும். தனித்து வளர்க்கப்பட்ட அச்செல்களில் மூன்று உட்பிரிவுகளும் இருப்பது உறுதியாயிற்று. மிதவை தொட்டியில் மட்டுமில்லை. நீர் சென்றுசேரும் பாத்தியிலும் ஒரு மடை அடைபட்டிருந்தது.

மூன்றாம் படி: இமிபிரமினுடன் ஆல்ஃபா-2 தடுப்பியான யோஹிம்பினைச் சேர்த்துத் தந்தனர். முன்னோடிச் செல்களின் பெருக்கமும் புதுச்செல்களின் முதிர்ச்சியும் விரைவுபட்டன. மூளையிலிருந்து பெறப்படும் நரம்பு வளர்ச்சிக் காரணி, குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி ஆகியவற்றின் வெளிப்பாடும் விரைந்து உயர்ந்தது. நடத்தையிலும் இது தெரிந்தது. பசித்த எலியை அறிமுகமற்ற திறந்த இடத்தில் விட்டு, நடுவில் உணவை வைத்து, அது உண்ணத் தொடங்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவது ஒரு சோதனை. அச்சம் மிகுந்த எலி ஓரத்திலேயே தயங்கி நிற்கும். வழக்கமான மருந்துகள் இத்தயக்கத்தைக் குறைக்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடிக்கும். இமிபிரமினும் யோஹிம்பினும் சேர்ந்தபோது 7 நாள்களிலேயே அப்பயன் தெளிவாகத் தெரிந்தது.

அதே ஆண்டில், மூளையின் முன்னோடிச் செல்களை நார்-அட்ரினலின் பீட்டா-3 ஏற்பிகள் வழியாக நேரடியாகத் தூண்டுகிறது என வேறொரு கட்டுரை கூறியது. இரண்டையும் சேர்த்து நோக்கினால், ஒரே பொருள் பீட்டா-3 வழியே செல்லை எழுப்புவதும் ஆல்ஃபா-2 வழியே அடக்குவதும் புலனாகின்றன. மருந்தின் விளைவு நார்-அட்ரினலினின் அளவை மட்டும் பொறுத்ததன்று; அது எந்த ஏற்பியில் மிகுதியாகப் பொருந்துகிறது என்பதையும் பொறுத்தது.

7. எலியிலிருந்து மனிதருக்கு

இம்முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்துதல் கூடாது. முதலாவதாக, வளர்ந்த மனிதரின் ஹிப்போகேம்பஸில் புதுச்செல்கள் தோன்றுகின்றனவா என்பதே விவாதத்துக்குரியது. 2018இல் வெளிவந்த இரு ஆய்வுகளுள் ஒன்று இல்லை என்றது. மற்றொன்று முதுமையிலும் உண்டு என்றது. இரண்டாவதாக, ஆல்ஃபா-2 ஏற்பி எங்கும் எப்போதும் தடையன்று. ஆல்ஃபா-2ஏ உட்பிரிவு இல்லாத சுண்டெலிகள் மனச்சோர்வை ஒத்த நடத்தையை மிகுதியாகக் காட்டியதையும், அவற்றுக்கு இமிபிரமின் பயன்படாததையும் 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று பதிவு செய்துள்ளது. அவ்வேற்பி முழுமையாக இல்லாமற்போவதும், வளர்ந்த மூளையில் சில நாள் தடுக்கப்படுவதும் ஒன்றல்ல.

மனிதரிடம் செய்த சோதனைகளும் கலவையான விடையையே தருகின்றன. ஃபுளுவாக்செட்டினுடன் யோஹிம்பினைச் சேர்த்துத் தந்த சிறிய அளவிலான இரட்டை மறைப்புச் சோதனையொன்றில் (2004) நோயாளிகள் விரைவாகத் தேறினர். ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தடுத்து நார்-அட்ரினலின், செரட்டோனின் இரண்டையும் உயர்த்தும் மிர்டசபின் 1990களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது; இந்தியாவிலும் மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைக்கின்றனர். ஆனால் செரட்டோனின் சார் மருந்துகளால் பயன்பெறாத 480 நோயாளிகளிடம் பிரித்தானியாவில் நடந்த சோதனையில், மிர்டசபினைக் கூடுதலாகச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை என 2018இல் அறிவிக்கப்பட்டது. மருந்துக்கே இணங்காத நோயை மாற்றுவது வேறு. இணங்கும் நோயில் காத்திருப்பைக் குறைப்பது வேறு என்பதையும் இங்கு மனங்கொள்ள வேண்டும்.

யோஹிம்பின் ஆப்பிரிக்க மரமொன்றின் பட்டையிலிருந்து பெறப்படுவது. அதன் நெருங்கிய உறவுப் பொருளும் ஆல்ஃபா-2 தடுப்பியுமான ரவுவோல்சின், சர்ப்பகந்தாவின் இனத்தைச் சேர்ந்த செடிகளில் உள்ளது. நார்-அட்ரினலினை வறளச் செய்யும் ரெசர்பினும், அதன் வெளியீட்டைப் பெருக்கும் ரவுவோல்சினும் ஒரே செடியினத்தில் இருப்பது வியப்புக்குரியது. ‘மூலிகைதானே, கேடில்லை’ என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கும் இதுவே சான்று. யோஹிம்பின் இரத்த அழுத்தத்தையும் பதற்றத்தையும் உயர்த்தக்கூடியது. வீரிய மருந்தெனக் கடைகளில் விற்கப்படுவதை வாங்கி மனச்சோர்வு மாத்திரையுடன் சேர்த்து உட்கொள்வது பேரிடருக்கு வழிவகுக்கும்.

8. தேங்காய்த்திட்டில் இவ்வறிவின் பயன்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது திரும்பலாம். பத்தாம் நாளில் மருந்து கேட்கவில்லை என்று முடிவு செய்தவரின் மூளையில் உண்மையில் மருந்து செயல்பட்டுக் கொண்டிருந்தது. அதற்கு எதிராக மிதவையும் செயல்பட்டுக் கொண்டிருந்தது. அவர் உணர்ந்த வாய் உலர்வும் தலைச்சுற்றலும் மருந்தின் உடனடி விளைவுகள். எதிர்பார்த்த மனத்தெளிவோ மூளை தகவமைந்தபின் வருவது. தொல்லை முதலிலும் பயன் பின்னரும் வருவதே இம்மருந்துகளின் இயல்பு என்பதை முதல் நாளே நோயாளியிடமும் வீட்டாரிடமும் கூறுதல் சிகிச்சையின் பகுதியாகும்.

கடற்றொழிலாளருக்குத் தலைச்சுற்றல் தனிக் கவனத்துக்குரியது. இமிபிரமின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் குருதிக் குழாய்களின் ஆல்ஃபா-1 ஏற்பிகளையும் தடுக்கின்றன. அதனால் படுத்திருந்தவர் திடீரென எழும்போது குழாய்கள் உரிய நேரத்தில் சுருங்காமல், இரத்த அழுத்தம் சட்டெனத் தாழ்ந்து கண் இருளும். வீட்டில் அது சிறு தடுமாற்றம். ஆடும் படகின் ஈரத்தளத்தில் அதுவே உயிராபத்து. மிர்டசபின் போன்றவை உறக்கத்தை மிகுவிப்பன. இரவில் சுக்கான் பிடிப்பவருக்கு அதுவும் ஆபத்தே. தாம் செய்யும் தொழில் எது, எத்தனை நாள் கடலில் தங்குகிறார் என்பவற்றை நோயாளி மருத்துவரிடம் சொல்வதும், மருத்துவர் அவற்றைக் கேட்டறிவதும் மருந்தைத் தேர்வதற்கே இன்றியமையாதன.

பிற மருந்துகளையும் மறைத்தலாகாது. உயர் இரத்த அழுத்தத்துக்குக் குளோனிடின் பெறுவோர் மனச்சோர்வுக்கெனப் பழைய வகை மருந்துகளைத் தொடங்கினால், இரண்டும் எதிரெதிரே இயங்கிக் குளோனிடினின் பயன் குறையக்கூடும். இரண்டுக்கும் களம் அட்ரினலின் ஏற்பிகளே. அதற்காக இரண்டில் எதனையும் தாமாக நிறுத்துவதும் தவறு. குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் அபாயகரமாக உயரும்.

பல நாள் கடலில் தங்கும் படகுகளில் செல்வோர் அத்தனை நாளுக்கும் போதிய மாத்திரைகளை நனையாத உறையில் எடுத்துச் செல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. வருவாய் குன்றும் அக்காலம் மனத்துக்குச் சுமையானதே. ஆயினும், உடனடி ஆபத்தில்லாத நிலையில் மருத்துவரின் கண்காணிப்பில் புதிய மருந்தைத் தொடங்கி முதல் ஆறு வாரங்களைக் கரையிலேயே கழிக்க அது ஏற்ற காலமுமாகும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு தேங்காய்த்திட்டினர் சென்று வரும் தொலைவிலேயே உள்ளது.

முதல் வாரங்களில் வீட்டாரின் விழிப்பும் தேவை. குழந்தைகள், பதின்பருவத்தினர், 25 வயதுக்குட்பட்ட இளைஞர்கள் ஆகியோரிடம் இம்மருந்துகளின் தொடக்கக் காலத்தில் தற்கொலை எண்ணம் சிலரிடம் மிகக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004, 2007ஆம் ஆண்டுகளில் எச்சரித்துள்ளது. அமைதியின்மை மிகுதல், வாழ்வை வெறுத்துப் பேசுதல் ஆகியன தென்பட்டால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

9. முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வருவன பெறப்படுகின்றன.

மனச்சோர்வு நீக்கிகள் நரம்புக்கடத்தியின் அளவை விரைவில் உயர்த்தினும், ஆல்ஃபா-2 தன்னேற்பிகளின் எதிர்ச்செயலால் அவற்றின் தொடக்கப் பயன் மட்டுப்படுகிறது. அவ்வேற்பிகள் முன்னோடிச் செல்களிலும் அமைந்து புதுச்செல் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்பதும், அவற்றைத் தடுத்தால் மூன்று வாரப் பயன் ஒரு வாரத்தில் கிட்டும் என்பதும் விலங்குகளில் மும்பை ஆய்வால் புலப்பட்டன. மனிதரில் இவ்வழி இன்னும் உறுதிப்படவில்லை. பீட்டா ஏற்பிகளின் மாற்றம் மருந்தின் செயலோடு தொடர்புடையதாயினும் அதுவே குணத்தின் காரணம் எனக் கொள்வதற்கில்லை. ஆல்ஃபா-1 ஏற்பிகள் தடைபடுவது பயனைவிடப் பக்கவிளைவுக்கே பெரிதும் காரணமாகிறது.

காத்திருப்பைக் குறைக்கும் மருந்து நடைமுறைக்கு வரும்வரை, காத்திருப்பின் காரணத்தை விளக்கும் சொல்லே நோயாளிக்குத் துணை. மருந்துச் சீட்டுடன், முதல் மூன்று வாரங்களில் உடலில் நிகழ்வன இவை, மனத்தில் நிகழ்வன இவை எனத் தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளைத் தருவது எல்லா மனநலப் பிரிவுகளிலும் இயலக்கூடியதே. ‘மருந்து கேட்கவில்லை’ என்பவரிடம் ‘இன்னும் கேட்கத் தொடங்கவில்லை’ என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால், பத்தாம் நாளில் கைவிடப்படும் சிகிச்சைகளுள் சிலவேனும் ஆறாம் வாரத்தை எட்டும்.